மனப்பாடம் இழிவன்று

'மனப்பாடம்' என்னும் சொல் நம் மறைக்கல்வி வட்டாரங்களில் ஏறக்குறைய ஒரு வசைச்சொல்லாகவே மாறிவிட்டது. ஆசிரியர் பயிற்சிப் பாசறைகளில் அதைக் கிளிப்பிள்ளைப் பாடம் என்று எள்ளுகிறார்கள். 'பொருள் விளங்கினால் போதாதா, சொற்கள் எதற்கு?' என்று கேட்கிறார்கள். ஆனால் ஆண்டுக்கொரு முறை விவிலிய ஞாயிறு வந்துவிட்டால் அதே பங்குகளில் வசனப்போட்டி நடைபெறுகிறது. ஒரு நிமிடத்தில் அதிக வசனங்களை ஒப்பிக்கும் பிள்ளைக்குக் கோப்பை வழங்கப்படுகிறது. மறுவாரம் கேட்டால் கோப்பை அலமாரியில் இருக்கிறது; வசனம் நெஞ்சில் இல்லை. ஒரு பக்கம் இகழ்ச்சி, மறுபக்கம் வேடிக்கை. இவ்விரண்டுக்கும் இடையில் இறைவார்த்தை நம் மக்களின் உள்ளத்தைவிட்டு நழுவிக்கொண்டிருக்கிறது. ஆகவே இவ்விரு போக்குகளையும் மறுத்துரைப்பது நம் கடமை எனக் கருதுகிறோம்.

வராக நதியின் நீர் பாயும் ஜெயமங்கலத்து வயல்களில் நடவு நடக்கும் நாள்களை எண்ணிப் பாருங்கள். பள்ளியின் படியை மிதித்திராத தாய்மார் இந்த மண்ணில் எத்தனையோ பேர் வாழ்ந்து மறைந்தனர். நடவுப் பாட்டும் தாலாட்டும் ஒப்பாரியும் அவர்கள் நெஞ்சில் நூறு நூறு அடிகளாகக் கிடந்தன. ஏடும் எழுத்தும் அறியாத அதே நெஞ்சங்களில்தான் நம் மன்றாட்டுகளும் குடியிருந்தன. செபமாலையின் மறைபொருள்களை முறை பிறழாமல் சொல்வார்கள். மாதாவின் மன்றாட்டுமாலையை இருட்டில் அமர்ந்து தொடக்கம் முதல் முடிவுவரை சொல்வார்கள். ஈழத்தில் பணியாற்றி 1742-இல் மறைந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் இயற்றிய 'வியாகுலப் பிரசங்கம்' தவக்காலந்தோறும் ஊர் ஊராக ஒலித்து, கேட்டுக் கேட்டே மக்களின் காதில் பதிந்தது.

இன்று நோயில்பூசுதலுக்காக நாம் செல்லும் இல்லங்களில் காண்பது என்ன? கட்டிலில் கிடக்கும் மூதாட்டியின் உதடுகள் தாமாகவே அசைகின்றன. பேச்சுத் தடுமாறிய பின்னும் 'அருள்நிறைந்த மரியே' தடுமாறவில்லை. அவரைச் சுற்றி நிற்கும் பட்டதாரிப் பேரப்பிள்ளைகளோ கைப்பேசியில் செபத்தைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். தேடுவது குற்றமன்று. ஆனால் மரணம் வாயிற்படியில் நிற்கும்போது தேடத் தொடங்குவது காலங்கடந்த வேலை அல்லவா? ஒரு தலைமுறைக்குள் இந்த இழப்பு எப்படி நேர்ந்தது என்று எண்ணிப் பார்ப்பது நன்று.

மணியோசையும் மனப்பாடமும்

மனப்பாடத்தைப் பழம்பாணி என்று ஒதுக்குவோர், தமிழ் மண்ணில் நம் விசுவாசம் எவ்வாறு வேரூன்றியது என்பதை மறந்துவிடுகின்றனர். புனித பிரான்சிஸ் சவேரியார் 1542-இல் கோவாவில் வந்திறங்கினார். அதே ஆண்டிலேயே முத்துக்குளித்துறைக்கு வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. மக்களுக்கோ அவர் மொழி தெரியாது. அவர் என்ன செய்தார்? இருமொழியும் ஓரளவு அறிந்தோரைக் கூட்டிவைத்து, விசுவாச அறிக்கை, பத்துக் கட்டளைகள், கிறிஸ்து கற்பித்த செபம், மங்கள வார்த்தை செபம் ஆகியவற்றைத் தமிழாக்கச் செய்தார். முதலில் தாமே அவற்றை மனப்பாடம் செய்தார். பின்னர் கையில் மணியை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாக அடித்துச் சென்று, சிறுவரையும் பெரியோரையும் கூட்டி, நாளுக்கு இருமுறையாக ஒரு மாத காலம் சொல்லிக்கொடுத்தார். கற்ற பிள்ளைகள் வீட்டுக்குப் போய்ப் பெற்றோருக்கும் அண்டை அயலாருக்கும் கற்பிக்க வேண்டும் என்று பணித்தார். 1544-ஆம் ஆண்டு சனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய மடலில் இவற்றையெல்லாம் அவரே விவரித்திருக்கிறார். அவர் அடுத்த ஊருக்குச் சென்ற பின்னும் செபம் நின்றுவிடாதபடி கணக்கப்பிள்ளைமாரை ஊர்தோறும் அமர்த்தினார்.

இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூலாகிய 'தம்பிரான் வணக்கம்' கொல்லத்தில் வெளிவந்தது 1578-இல்தான். சவேரியார் வந்து 36 ஆண்டுகள் கழிந்த பின்னர்! அந்த இடைக்காலம் முழுவதும் திருச்சபையின் நூலகம் மக்களின் நெஞ்சமே. அச்சு பின்னால் வந்தது. மனப்பாடம் முன்னால் வந்தது. கிளிப்பிள்ளைப் பாடம் என்று இதை எள்ளுவோர், அந்தக் கிளிப்பிள்ளைகள் குருவின்றிப் பல ஆண்டுகள் கழித்தும் விசுவாசத்தைக் காத்து நின்றதற்கு என்ன விளக்கம் கூறுவார்கள்?

மூன்று மறுப்புகள்

முதல் மறுப்பு: 'பொருள் அறியாமல் சொல்வதால் பயன் என்ன?' கேள்வி நியாயமானதுதான். ஆனால் அதற்குரிய விடை, பொருளையும் கற்பியுங்கள் என்பதே. சொற்களைக் கைவிடுங்கள் என்பதன்று. தாய்மொழியையே நாம் பொருள் முழுதும் அறிந்தா கற்றோம்? சொல் முதலில் வந்தது. அதன் ஆழம் வாழ்வில் வந்தது. லூக்கா நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தைப் பாருங்கள். கோவிலில் சிறுவன் இயேசு சொன்னதைப் பெற்றோர் புரிந்துகொள்ளவில்லை என்று 50-ஆம் வசனம் கூறுகிறது. அதற்கு அடுத்த வசனத்திலேயே மரியா அனைத்தையும் தம் உள்ளத்தில் பதித்துவைத்திருந்தார் என்று காண்கிறோம். புரியாததை மரியா எறிந்துவிடவில்லை, காத்துவைத்தார். சிலுவையடியில் நின்றபோது அந்தச் சேமிப்பு வீண்போகவில்லை.

இரண்டாம் மறுப்பு: 'எல்லாம் கைப்பேசியில் இருக்கிறதே!' கிணற்றில் தண்ணீர் இருக்கிறது என்பது உண்மை. ஆனால் கரும்பு வெட்டும் இடத்தில் தாகம் எடுத்தவனுக்குக் கிணற்றின் முகவரி தாகம் தீர்க்காது. வியட்நாம் நாட்டின் பேராயர் பிரான்சிஸ் சேவியர் நுயென் வான் துவான் 1975-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15-இல் கைது செய்யப்பட்டு 13 ஆண்டுகள் சிறையில் கிடந்தார். அவற்றுள் 9 ஆண்டுகள் தனிமைச் சிறை. விவிலியம் கொண்டு செல்ல வழியில்லை. கிடைத்த காகிதத் துண்டுகளைப் பொறுக்கிச் சேர்த்து, நினைவில் இருந்த நற்செய்தி வாக்கியங்களை, 300-க்கும் மேற்பட்டவற்றை, அவற்றில் எழுதினார். அதுவே அவருக்கு விவிலியமாயிற்று. வெறுங்கையாகச் சிறை புகுந்தவர் வெறும் நெஞ்சோடு புகவில்லை. சிறை நமக்கு நேராமல் போகலாம். மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவு நேரும். 2020-இல் கோவில் கதவுகள் மூடப்பட்ட நாள்களில் தனிமைப்படுத்தப்பட்டோர் கூடங்களில் படுத்திருந்தவர்களுக்கு நேர்ந்ததும் அதுவே. அங்கே உடன் வருவது நெஞ்சில் உள்ளது மட்டுமே.

மூன்றாம் மறுப்பு: 'வசன மனப்பாடம் பிரிந்த சபையாரின் வழக்கம், நமக்கு அருளடையாளங்கள் இருக்கின்றன.' இவ்வாறு கூறுவோர் நம் மரபையே அறியாதவர்கள். நான்காம் நூற்றாண்டில் எகிப்தில் துறவு இல்லங்களை நிறுவிய புனித பக்கோமியுவின் ஒழுங்கு, எழுத்தறியாதவரும் எழுத்துக் கற்று, குறைந்தது புதிய ஏற்பாட்டையும் திருப்பாடல்களையும் நினைவில் கொள்ள வேண்டும் என்று வகுத்தது. புனித வனத்து அந்தோனியாருக்கு நினைவே நூல்களின் இடத்தில் நின்றது என்று அவர் வரலாற்றை எழுதிய புனித அத்தனாசியார் குறிக்கிறார். 150 திருப்பாடல்களையும் சொல்ல இயலாத எளிய மக்களுக்கு 150 மங்கள வார்த்தை செபங்கள் அவற்றுக்கு ஈடாக நின்றன. மேலும், புனித இரண்டாம் யோவான் பவுல் 1979-இல் மறைக்கல்வி குறித்து வழங்கிய திருத்தூது ஊக்கவுரையின் 55-ஆம் பத்தி, இயேசுவின் சொற்களையும் முக்கியமான விவிலியப் பகுதிகளையும் செபங்களையும் நினைவில் நிறுத்துவது உண்மையான தேவை என்றே வலியுறுத்துகிறது. அவ்வாறு நிறுத்தியவை படிப்படியாக ஆழ்ந்து உணரப்பட வேண்டும் என்பதையும் அதே பத்தி சேர்த்துச் சொல்கிறது. ஆகவே இது கடன் வாங்கிய வழக்கமன்று. நம் வீட்டுச் சொத்து.

பாதி வசனம் சொன்னவன் யார்?

இனி மறுபக்கம். மனப்பாடம் செய்கிறோம் என்று சொல்லிக்கொள்வோரிடமும் நமக்கு ஒரு வழக்கு உண்டு. பாலைநிலத்தில் இயேசு மும்முறை சோதிக்கப்பட்டார். மும்முறையும் இணைச்சட்ட நூலிலிருந்தே விடை கூறினார். அவர் கையில் சுருளேடு எதுவும் இருந்ததாக நற்செய்தி சொல்லவில்லை. ஆயினும் அங்கே மனப்பாடமாக மறைநூலைச் சொன்னவர் இயேசு ஒருவர் மட்டுமல்லர் என்பதையும் மறக்கலாகாது. அலகையும் சொன்னது! 91-ஆம் திருப்பாடலின் 11, 12 ஆகிய வசனங்களை எடுத்தாண்டது. அதிலும் 'செல்லும் வழிகள் எல்லாவற்றிலும்' என்னும் பொருள்படும் பகுதியை விட்டுவிட்டது. பாம்பை மிதித்து நடப்பதைக் கூறும் அடுத்த வசனத்துக்கு முன்பாகவே வாயை மூடிக்கொண்டது. வசனம் தெரிந்திருப்பதே பக்தி என்றால், அலகையும் பரிசு பெற்றிருக்கும்.

வெட்டி எடுத்த வசனங்களைப் புத்தாண்டு அட்டைகளில் அச்சிட்டு, சீட்டுக் குலுக்கி எடுப்பதுபோல் ஆளுக்கொன்றாக எடுத்துக்கொள்ளும் வழக்கம் நம்மிடமும் புகுந்துவிட்டது. எரேமியா 29-ஆம் அதிகாரத்தின் 11-ஆம் வசனம் அவற்றுள் பலருக்கும் விருப்பமானது. நல்வாழ்வுக்கான திட்டத்தை ஆண்டவர் வைத்திருக்கிறார் என்பது அதன் கருத்து. ஆனால் அதற்கு முந்திய வசனம் என்ன கூறுகிறது? பாபிலோனில் எழுபது ஆண்டுகள் நிறைவுற வேண்டும் என்கிறது. அதாவது, கேட்டவர்களில் பலர் அந்த விடுதலையைக் கண்ணால் காணப்போவதில்லை. பிலிப்பியர் 4:13-ஐ எல்லாத் தேர்வுகளுக்கும் வெற்றி மந்திரமாக்குகிறார்கள். பவுலடியாரோ சிறையில் இருந்துகொண்டு, வறுமையிலும் நிறைவிலும் வாழக் கற்றுக்கொண்டதை முந்திய வசனங்களில் சொல்லிவிட்டே அதைச் சொல்கிறார். வேரை அறுத்துப் பூவை மட்டும் நெஞ்சில் செருகினால் மறுநாள் வாடிவிடும். வாடியபின் 'வசனம் பொய்த்துவிட்டது' என்று நம்பிக்கையிழப்போரை நாம் பங்குகளில் கண்டுவருகிறோம். இந்தத் தீங்கு சிறிதன்று.

நெஞ்சில் பதிக்கும் வழிகள்

அப்படியாயின், எவ்வாறு பதிப்பது? குறை கூறுவதோடு நிறுத்திவிடுவது பொறுப்பாகாது. ஆகவே நடைமுறைக்கு ஏற்ற சிலவற்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம்.

முதலாவது, தனி வசனத்தைவிட முழுப் பகுதியைத் தேர்ந்தெடுங்கள். 23-ஆம் திருப்பாடலில் ஆறே வசனங்கள். பேறுபெற்றோர் பகுதி, மரியாவின் பாடல், பிலிப்பியர் 2:6-11, 1 கொரிந்தியர் 13 ஆகியவை அடுத்த படிகள். யார், யாரிடம், எந்த நிலையில் சொன்னது என்பதை முதல்நாளிலேயே பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். ஓராண்டுக்கு ஐந்து பகுதிகள் போதும். ஐம்பது உதிரி வசனங்களைவிட அவை உறுதியானவை.

இரண்டாவது, ஒரே மொழிபெயர்ப்பைப் பின்பற்றுங்கள். 1995-இல் வெளிவந்த 'திருவிவிலியம்' பொது மொழிபெயர்ப்பு திருப்பலியில் காதில் விழுகிறது, அதையே கற்பியுங்கள். இன்று ஒன்று, நாளை ஒன்று என்றால் நினைவு குழம்பும். ஆனால் பழைய நடையில் கற்றுவைத்திருக்கும் முதியோரைத் திருத்த முற்படாதீர்கள். அவர்கள் நெஞ்சில் உள்ளது அவர்களுக்குப் போதும்.

மூன்றாவது, வாய்விட்டுச் சொல்லுங்கள். மூச்சு நிற்கும் இடத்தில் அடியைப் பிரியுங்கள். முதல் அடி உறுதியான பின் இரண்டாம் அடி; பிறகு இரண்டையும் சேர்த்து; பிறகு மூன்றாவது. சங்கிலிபோல் கோத்துச் செல்ல வேண்டும். திருப்பாடல்களின் அமைப்பே இதற்கு உதவும்; ஓர் அடி சொன்னதை மறு அடி வேறு சொல்லால் எதிரொலிக்கும். நம் முன்னோர் எதுகை மோனையையும், ஒரு செய்யுளின் முடிவு அடுத்ததன் தொடக்கமாகும் அந்தாதியையும் நினைவுக்குத் துணையாகவும் கொண்டனர். அவ்வையாரின் ஆத்திசூடி அகரவரிசையில் அமைந்ததும் அவ்வாறே பிள்ளைகளுக்குப் பயன்பட்டது. இந்த உத்தி எபிரேயருக்கும் தெரியும். 119-ஆம் திருப்பாடலின் 176 வசனங்களும் எபிரேய நெடுங்கணக்கின் 22 எழுத்துகளுக்கும் எட்டெட்டாக வகுக்கப்பட்டவை. மூலமொழியில் ஒவ்வோர் எட்டும் ஒரே எழுத்தில் தொடங்கும். மனப்பாடத்தை இழிவென்று அந்தத் திருப்பாடலின் ஆசிரியர் எண்ணியிருந்தால் இவ்வளவு உழைத்திருப்பாரா?

நான்காவது, நூலை மூடுங்கள். இதுதான் பலரும் செய்யாதது. திரும்பத் திரும்பப் படிப்பது பதிந்துவிட்டதுபோன்ற ஒரு மயக்கத்தைத் தரும். 2006-இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்னும் இரு உளவியலாளர் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது, மீண்டும் மீண்டும் படித்தவர்களே முந்தினர். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, நூலை மூடி நினைவுகூரப் பழகியவர்கள் முந்தினர். நம் வசனப்போட்டிகள் எல்லாம் அந்த ஐந்து நிமிட வெற்றிக்கே பரிசளிக்கின்றன! திண்ணைப் பள்ளியில் பாராமல் முறை சொல்லவைத்த ஆசிரியர் இந்த ஆய்வைப் படித்தவரல்லர். ஆனால் செய்தது அதையே.

ஐந்தாவது, இடைவெளி விட்டுத் திரும்புங்கள். எபிங்ஹௌஸ் என்னும் செருமானிய அறிஞர் 1885-லேயே மறதியின் போக்கை அளந்து காட்டினார். கற்ற சில மணி நேரத்திலேயே பெரும்பகுதி நழுவிவிடுகிறது. மீண்டும் மீண்டும் இடைவெளி விட்டுத் திரும்பினால் நழுவுவது குறைகிறது. நம் உழவருக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. ஒரு போகத்துக்கு வேண்டிய தண்ணீரை ஒரே நாளில் பாய்ச்சினால் பயிர் அழுகும். முறை வைத்துப் பாய்ச்சினால் விளையும். அன்று மாலை, மறுநாள் காலை, மூன்றாம் நாள், ஒரு வாரம், ஒரு மாதம் என முறை வையுங்கள்.

ஆறாவது, வேலையோடும் இடத்தோடும் பிணைத்துவிடுங்கள். வீட்டில் இருக்கும்போதும் வழியில் நடக்கும்போதும் படுக்கும்போதும் எழும்போதும் இறைவார்த்தையைப் பேசுக என்பது இணைச்சட்டம் ஆறாம் அதிகாரத்தின் கட்டளை. கதவு நிலைகளில் எழுதி வைக்கவும் சொல்கிறது. பெரியகுளத்துக்குப் பேருந்து ஏறுகிற மாணவனுக்கு அந்தப் பயணமே செப நேரம். அடுப்படிச் சுவரில் கையால் எழுதி ஒட்டிய ஒரு தாள் வீட்டுத் தலைவிக்குப் போதும். அச்சிட்ட அட்டையைவிடச் சொந்தக் கையெழுத்து நன்கு பதியும்.

ஏழாவது, கற்றதைக் கற்பியுங்கள். சவேரியாரின் முறையின் உயிர்நாடி இதுவே. ஞாயிறு மறைக்கல்வியில் ஓர் அடி கற்ற பிள்ளை, அடுத்த ஞாயிறுக்குள் வீட்டில் ஒருவருக்கேனும் அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். கற்பிக்கும்போதுதான் தனக்கு எது தெரியவில்லை என்பது பிள்ளைக்குத் தெரியும்.

கடைசியாக, அசைபோடுங்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த இரண்டாம் கீகோ என்னும் துறவி வாசித்தல், தியானித்தல், மன்றாடுதல், ஆழ்நிலையில் திளைத்தல் என நான்கு படிகளை வகுத்தார். முதற்படியிலிருந்து இரண்டாம் படிக்கு ஏறவேண்டுமானால் வாசித்தது உள்ளே இருக்க வேண்டும். மாடு வயலில் மேய்வது சிறிது நேரம். தொழுவத்தில் படுத்து அசைபோடுவது நெடுநேரம். மேய்ந்ததே உள்ளே தங்காத மாடு எதை அசைபோடும்?

கோப்பைகளைப் பூட்டிவைப்போம்

ஆகவே நம் பங்குகளுக்கு நேரடியாகவே ஒன்று கேட்கிறோம். நிமிடக் கணக்கில் வசனம் ஒப்பிக்கும் போட்டிகளை நிறுத்துங்கள். தமிழ்நாடு அரசு 1330 குறள்களையும் முற்றோதும் மாணவருக்குப் பரிசளித்துப் பாராட்டுகிறது. குறளுக்கு இருக்கும் அந்த மதிப்பும் பொறுமையும் நற்செய்திக்கு வேண்டாமா? பிள்ளை ஒரு முழுப் பகுதியைச் சொல்லட்டும். அதன் பொருளைத் தன் சொல்லில் கூறட்டும். அதை யாருக்குக் கற்பித்தது என்று சொல்லட்டும். மூன்று மாதம் கழித்து மீண்டும் கேளுங்கள். அப்போதும் நெஞ்சில் இருந்தால் பாராட்டுங்கள், கோப்பை வேண்டியதில்லை.

அன்பியங்கள் ஆண்டுக்கு ஒரு திருப்பாடலையாவது கூட்டாகக் கற்கலாம். எழுத்தறியாத முதியவரும் அங்கே சமமாக அமர முடியும். பல நேரங்களில் அவரே முந்துவார். மறைக்கல்வி ஆசிரியர்கள் பிள்ளைகளிடம் கேட்குமுன் தாங்கள் பாராமல் சொல்லிக் காட்டுவது நலம். சவேரியாரும் முதலில் தாம் கற்றார். பிறகே மணியை எடுத்தார்.

சிலுவையில் தொங்கியபோது ஆண்டவரின் நாவில் வந்தவை 22-ஆம் திருப்பாடலின் சொற்களும் 31-ஆம் திருப்பாடலின் சொற்களுமே. எல்லாம் பறிக்கப்பட்ட பின்னும், ஆடையும்கூடப் பங்கிடப்பட்ட பின்னும், எவராலும் பறிக்க முடியாமல் அவரிடம் எஞ்சியிருந்தது அது. நாசரேத்தூர்ச் சிற்றூரில் இளமையிலேயே கேட்டும் சொல்லியும் நெஞ்சில் நிறைந்த சொற்கள் அவை. நம் பிள்ளைகளுக்கும் ஒருநாள் அந்த வேளை வரும். அந்த நாளுக்கு அவர்கள் கையில் எதைக் கொடுத்து அனுப்புகிறோம் என்பதன்று கேள்வி. நெஞ்சில் எதை வைத்து அனுப்புகிறோம் என்பதே கேள்வி.